குற்றவியல் படிக்க ஆசையா? சமூகவியலில் தொடங்குங்கள்

பிளஸ் டூ முடிவுகள் வரும் வாரங்களில் எந்த உயர்கல்வி வழிகாட்டி முகாமுக்குப் போனாலும் இந்தக் கேள்வி காதில் விழும்: "கிரிமினாலஜி படிச்சா சிபிஐ-ல சேரலாமா சார்?" சேரலாம், ஆனால் அதற்குக் கிரிமினாலஜி தேவையில்லை. தமிழ்நாட்டில் காவல் உதவி ஆய்வாளர் தேர்வை எந்தப் பட்டம் பெற்றவரும் எழுதலாம். சிபிஐ உதவி ஆய்வாளர் பணிக்கு ஆளெடுக்கும் எஸ்.எஸ்.சி. பட்டதாரி நிலைத் தேர்வும் அப்படித்தான். குற்றவியல் படித்தவரும் வேதியியல் படித்தவரும் அங்கே ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

தடயவியல் கனவோடு வருகிறவர்களுக்கு இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும். ரத்தக் கறையையும் நஞ்சையும் டிஎன்ஏவையும் பரிசோதிக்கும் ஆய்வக வேலைக்கு அறிவியல் பட்டம் வேண்டும். பி.ஏ. குற்றவியலை வைத்துக்கொண்டு அதற்கு விண்ணப்பிக்க முடியாது. இரண்டும் ஒன்றுதான் என்று நம்பிச் சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் விவரம் தெரிந்து மனம் உடைகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கல்லூரிக் கட்டணம் கட்டும் முன்பே இதைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு.

அப்படியானால் இந்தப் படிப்பு எதற்கு?

ஓர் ஊரில் இருசக்கர வாகனங்கள் தொடர்ந்து திருடு போகின்றன என்று வைத்துக்கொள்வோம். எடுத்தவர் யார் என்று காவல்துறை தேடும். அவர்தான் எடுத்தார் என்பதற்கு என்ன சான்று என்று நீதிமன்றம் கேட்கும். குற்றவியல் மாணவரின் கேள்விகள் வேறு. ஏன் குறிப்பிட்ட சில தெருக்களில் மட்டும் வண்டி போகிறது? பிடிபடுகிறவர்கள் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பையன்கள் என்றால், அவர்கள் எந்த வகுப்பில், எதனால் நின்றார்கள்? வண்டியைப் பிரித்து உதிரி பாகங்களாக வாங்குகிறவர் பெயர் வழக்கில் வருகிறதா? சிறைக்குப் போய்த் திரும்பிய பையனுக்கு அடுத்த வருடம் யார் வேலை தருகிறார்கள்? இவற்றுக்கு விடை தேடிப் புறப்பட்டால் குடும்பம், பள்ளி, சாதி, வேலைச் சந்தை, தெரு என்றுதான் போய்ச் சேர்வோம். இவையெல்லாம் சமூகவியலின் நிலம்.

குற்றவியலின் பெரிய சிந்தனைகள் அந்த நிலத்தில்தான் முளைத்தன. குற்றமே இல்லாத சமூகம் எங்கும் இல்லை, குற்றமும் சமூக வாழ்வின் இயல்பான பகுதிதான் என்று 1895-ல் எழுதிய எமில் துர்கைம் சமூகவியலர். எல்லோரையும் ஒரே வெற்றியை நோக்கி ஓடச் சொல்லிவிட்டு, அதற்கான நேர்வழியைச் சிலருக்கு மட்டும் திறந்து வைக்கும் சமூகத்தில் என்ன நடக்கும் என்று 1938-ல் விளக்கிய ராபர்ட் மெர்ட்டனும் சமூகவியலரே. எட்வின் சதர்லாந்தை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். ஏழைகள்தான் குற்றம் செய்கிறார்கள் என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், 1939-ல், அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் தலைவராகப் பேசும்போது கோட்டு சூட்டு போட்டவர்களின் குற்றங்களைப் பற்றிப் பேசினார். பத்து ஆண்டுகள் கழித்து, 70 பெரிய நிறுவனங்களின் சட்ட மீறல்களைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். நிறுவனங்களின் பெயர்களை நீக்கித்தான் பதிப்பகம் அதை வெளியிட்டது. பெயர்களோடு முழுப் பதிப்பு வெளிவர 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பெருங்காமநல்லூரைப் படிக்காமல் குற்றவியல் இல்லை

தமிழ்நாட்டு மாணவருக்குத் துர்கைமுக்கும் சதர்லாந்துக்கும் முன்னால் தெரிந்திருக்க வேண்டிய ஒரு வரலாறு இருக்கிறது. 1871-ல் பிரிட்டிஷ் அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. ஒருவர் என்ன செய்தார் என்று பார்க்காமல், எந்தச் சாதியில் பிறந்தார் என்பதை வைத்தே அவரைக் குற்றவாளியாகப் பதிவு செய்யும் சட்டம். 1911-ல் அது சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. கைரேகை வைக்க வேண்டும், குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும், ஊரை விட்டுப் போவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர் சமூகத்து மக்கள் கைரேகை வைக்க மறுத்து எதிர்த்து நின்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் மாண்டார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர்.

சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-லும், நாடு முழுவதும் 1952-லும் நீக்கப்பட்டது. அதில் சிக்கிய சமூகங்களைச் சீர்மரபினர் என்று இன்று அழைக்கிறோம். சட்டம் போன பிறகும் பார்வை போனதா என்பதுதான் குற்றவியல் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி. பரம்பரைக் குற்றவாளி என்ற எண்ணம் "வழக்கமான குற்றவாளி" என்ற பெயரில் வேறு சட்டங்களுக்குள்ளும் சிறை விதிகளுக்குள்ளும் குடியேறியது. சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிப்பதையும், சாதி வாரியாக அடைப்பதையும், சீர்மரபினரைத் தனியாகக் குறிப்பதையும் அனுமதித்த விதிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 அக்டோபரில்தான். அந்த வழக்கைக் கொண்டுபோனவர் ஒரு பத்திரிகையாளர். மாநிலங்களின் சிறை விதிகளைத் தேடியெடுத்து, சிறைக்குப் போய் வந்தவர்களிடம் பேசி அவர் எழுதிய கட்டுரைதான் அதற்கு அடித்தளம். ஆவணத்தைப் படிப்பது, ஆட்களிடம் கேட்பது, இரண்டையும் பொருத்திப் பார்ப்பது. சமூகவியல் வகுப்பில் சொல்லித் தருவதும் இதைத்தான்.

காவல் நிலையச் சித்திரவதையைப் பேசிய "ஜெய் பீம்" படம் 2021-ல் வந்த பிறகு இந்தப் படிப்பைப் பற்றி விசாரிக்கும் இளைஞர்கள் கூடியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். சினிமாவைப் பார்த்து ஒரு துறைக்குள் வருவதில் தவறே இல்லை. வந்த பிறகு படம் மூட்டிய கோபத்தை வேலைத் திறனாக மாற்ற வேண்டும்.

எங்கே, எந்த வரிசையில் படிப்பது?

என் கருத்து இது: இளநிலையில் சமூகவியல், முதுநிலையில் குற்றவியல். "குற்றவியலும் காவல் நிர்வாகமும்" என்ற மாதிரிப் பெயரில் நேரடியாக இளநிலைப் படிப்பு நடத்தும் கல்லூரிகளும் தமிழ்நாட்டில் உண்டு. அவற்றில் படித்துச் சிறந்தவர்களும் உண்டு. ஆனாலும் பதினேழு வயதில் ஒரு சிறிய துறைக்குள் போய் அமர்ந்துகொள்வதைவிட, சமூகவியல் என்ற அகன்ற பட்டத்தோடு வெளியே வருவது பாதுகாப்பு. குற்றவியலில் ஆர்வம் குறைந்துவிட்டால் சமூகப்பணி, இதழியல், சட்டம், மக்கள்தொகை ஆய்வு, பொது நிர்வாகம் என்று எந்தப் பக்கமும் திரும்பலாம்.

சென்னையில் லயோலா, ஸ்டெல்லா மேரிஸ் போன்ற கல்லூரிகளில் சமூகவியல் இளநிலை இருக்கிறது. முதுநிலைக்கு நம் மாநிலத்திலேயே நல்ல இடங்கள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1965-லேயே குற்றவியல் பாடத்தைத் தொடங்கிவிட்டது. நாட்டில் பல பல்கலைக்கழகங்கள் இப்படியொரு துறையை நினைத்தே பார்க்காத காலம் அது. இந்தியக் குற்றவியல் சங்கம் 1970-ல் உருவானதும் அந்த வளாகத்தை ஒட்டித்தான். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறை, பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய ஆய்விலும் இணையக் குற்ற ஆய்விலும் வெளிநாடுகள்வரை பெயர் பெற்றது. அதன் வளாகம் இருக்கும் அபிஷேகப்பட்டிக்கு உலக அறிஞர்கள் வந்து போயிருக்கிறார்கள் என்பது தென்மாவட்டத்து மாணவர் பலருக்கே தெரியாது. வெளியே போக முடிந்தவர்களுக்கு மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் சமூகப்பணி முதுநிலையில் குற்றவியலும் நீதியும் என்ற பிரிவு உண்டு. காவல் நிலையம், சிறை, மீட்பு இல்லம் என்று மாணவர்களை நேரே களத்துக்கு அனுப்பும் படிப்பு அது. அங்கிருந்து 1990-ல் தொடங்கிய "பிரயாஸ்" என்ற களத்திட்டம் இன்றும் சிறைவாசிகளோடு வேலை செய்கிறது. குஜராத்தின் காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் முதுநிலை இருக்கிறது.

அசோகா, அசீம் பிரேம்ஜி போன்ற லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகங்களில் சமூகவியலோடு பொருளாதாரம், உளவியல், தரவு அறிவியல் என்று கலந்து படிக்கலாம். கட்டணத்தைப் பார்த்தவுடன் பின்வாங்கிவிட வேண்டாம். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கும் ஏற்பாடு அங்கே இருக்கிறது, விண்ணப்பிக்கும்போதே கேட்க வேண்டும். ஆனால் அந்தக் கலவையை நம் ஊர்க் கலைக் கல்லூரியிலும் ஓரளவு அமைத்துக்கொள்ளலாம். துணைப்பாடமாக உளவியலை எடுங்கள். விருப்பப் பாடத்தில் புள்ளியியல் இருந்தால் பயந்து ஓடாதீர்கள். தமிழ்த் துறையில் நாட்டார் வழக்காறு கள ஆய்வு செய்கிற ஆசிரியர் இருந்தால் போய் உட்காருங்கள். ஒரு கிராமத்துக் கிழவியிடம் பேச்சுக் கொடுத்துப் பாட்டும் கதையும் வாங்கத் தெரிந்தவரிடம், சிறைவாசியின் தாயிடம் எப்படிப் பேசுவது என்றும் கற்றுக்கொள்ளலாம்.

எந்தக் கல்லூரியில் சேரும் முன்னும் பாடத்திட்டத்தை வாங்கி மூன்றைப் பாருங்கள். ஆய்வு முறையியல் தாள் இருக்கிறதா? களப்பணி மதிப்பெண்ணோடு இருக்கிறதா? கடைசி ஆண்டில் ஆய்வேடு எழுத வைக்கிறார்களா? மூன்றும் இல்லையென்றால் கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேறு கல்லூரியைத் தேடுங்கள்.

எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கலைப் பிரிவுக்கு வருகிறவர்களில் பலர் கணக்கிலிருந்து தப்பித்து வருகிறவர்கள். இந்தத் துறையில் வேலை கிடைக்கிறவருக்கும் கிடைக்காதவருக்கும் உள்ள வித்தியாசம் பல நேரங்களில் கணக்குதான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை 1953 முதல் வருகிறது; இணையத்தில் இலவசம். அதைத் திறந்து, ஒரு மாநிலத்தில் குற்றம் கூடிவிட்டது என்று தலைப்பு எழுதிவிடுவது எளிது. ஆனால் அந்த எண் காவல் நிலையத்தில் பதிவான வழக்குகளின் எண்ணிக்கை. பதிவு செய்ய மறுக்கும் மாநிலத்தில் அது குறையும். பெண்கள் துணிந்து புகார் கொடுக்கும் மாநிலத்தில் கூடும். ஒரே முதல் தகவல் அறிக்கையில் கொலையும் கொள்ளையும் இருந்தால் பெரிய குற்றம் ஒன்றுதான் கணக்கில் வரும். இதையெல்லாம் தெரியாமல் இரண்டு மாநிலங்களை ஒப்பிடுவது அந்த மாநிலத்து மக்களுக்குச் செய்யும் அநீதி.

ஒரு பயிற்சி சொல்கிறேன். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21), தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையைச் சந்தித்திருப்பதாகச் சொன்னார்கள். அதே ஆண்டுகளில் கணவர், உறவினர் கொடுமைக்காகத் தமிழ்நாட்டில் பதிவான வழக்குகளின் எண்ணிக்கையைக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையில் பாருங்கள். ஆய்வு கேட்பது மணவாழ்க்கை முழுவதையும் பற்றி, காப்பகம் சொல்வது ஓர் ஆண்டின் வழக்குகளை. ஆகவே நேருக்கு நேர் கழித்துப் பார்க்க முடியாது. அப்படியிருந்தும் இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி திகைக்க வைக்கும். 1992-லேயே அனைத்து மகளிர் காவல் நிலையங்களைத் தொடங்கிய மாநிலத்தில் இந்த இடைவெளி ஏன்? புகார் கொடுக்கப் போன பெண்ணைச் சமாதானம் பேசி அனுப்பிவிடுகிறார்களா? போகவே மனம் வரவில்லையா? போனால் எங்கே தங்குவது என்ற பயமா? இந்த ஒரு கேள்வியை வைத்தே நல்ல இளநிலை ஆய்வேடு எழுதிவிடலாம். எக்செல்லில் அட்டவணை போடவும், எஸ்.பி.எஸ்.எஸ். அல்லது இலவசமாகக் கிடைக்கும் ஆர் மென்பொருளில் அடிப்படைக் கணக்குப் போடவும், கியூஜிஐஎஸ்ஸில் வரைபடம் வரையவும் மூன்று ஆண்டுக்குள் கற்றுக்கொள்ள முடியும். இதற்குத் தனிக் கட்டணப் பயிற்சி தேவையில்லை; விடாமுயற்சி போதும்.

ஆளைப் பார்த்துப் பேசுங்கள்

சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த சுதிர் வெங்கடேஷ் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சமூகவியல் ஆய்வு மாணவராக இருந்தபோது, வினாப்பட்டியலோடு ஏழைக் கறுப்பினத்தவர் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்குள் போனார். கறுப்பராகவும் ஏழையாகவும் இருப்பது எப்படி இருக்கிறது? மிக மோசம், ஓரளவு மோசம் என்று விடைகள் தயாராக இருந்தன. அங்கே போதைப்பொருள் விற்ற இளைஞர்கள் அவரைச் சந்தேகத்தோடு மடக்கி வைத்தார்கள். இப்படியெல்லாம் கேட்டால் ஒன்றும் தெரியாது, எங்களோடு இருந்து பார் என்பதுதான் அவர்களிடமிருந்து அவர் பெற்ற பாடம். ஆண்டுக்கணக்கில் அங்கே போய் வந்தார். ஒரு கும்பலின் வரவு செலவுக் கணக்கே அவர் கைக்கு வந்தது. பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட்டோடு சேர்ந்து அதை ஆராய்ந்தபோது, தெருமுனையில் உயிரைப் பணயம் வைத்து விற்கும் அடிமட்டப் பையன்களுக்குக் கிடைத்தது குறைந்தபட்சக் கூலி அளவுக்குத்தான் என்று தெரிந்தது. எந்த வினாப்பட்டியலும் அதைச் சொல்லியிருக்காது.

இதைப் படித்துவிட்டு யாரும் கஞ்சா விற்கிற கும்பலோடு போய் உட்கார்ந்துவிடக் கூடாது; இளநிலை மாணவருக்கு அது ஆபத்து, தேவையும் இல்லை. நீதிமன்ற வளாகத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலான விசாரணைகள் பொதுமக்கள் பார்க்கத் திறந்தவைதான். யார் காத்திருக்கிறார்கள், எவ்வளவு நேரம், யாருக்கு வழக்கறிஞர் இருக்கிறார், வாய்தா வாங்கித் திரும்பும் குடும்பம் அன்றைய கூலியை எப்படிச் சரிக்கட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பேருந்தில் வரும்போதே மறப்பதற்குள் எழுதிவிடுங்கள்.

தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று ஒடுங்கிப்போகிற மாணவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலம் வேண்டும், முதுநிலைப் புத்தகங்களும் அறிக்கைகளும் அதில்தான் இருக்கின்றன, தினம் இரண்டு பக்கம் படித்து ஏறிவிடலாம். ஆனால் தன் மகனைக் காவலர்கள் கூட்டிக்கொண்டு போன இரவைப் பற்றி ஒரு தாய் சொல்லும்போது, அவர் விழுங்கிய வார்த்தை எது, சொல்லத் தயங்கிய பெயர் எது என்று பிடித்துக்கொள்ள உங்கள் காதால் முடியும். இது எந்தப் பயிற்சி மையத்திலும் விலைக்குக் கிடைக்காது.

களத்துக்குப் போகிறவர் கடைப்பிடிக்க வேண்டிய விதிகளில் ஒன்று சட்டமே விதித்தது. சட்டத்தோடு முரண்பட்ட சிறுவர், பாதிக்கப்பட்ட சிறுவர் யாருடைய பெயரையும் பள்ளியையும் அடையாளத்தையும் வெளியிடக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டமும் போக்சோ சட்டமும் அதைக் குற்றமாக்கியிருக்கின்றன. ஆய்வேட்டில் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஊர், தெரு, அப்பா செய்யும் தொழில் மூன்றையும் எழுதினால் ஊர்க்காரர் கண்டுபிடித்துவிடுவார். இப்படிப்பட்ட சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில் செல்பி எடுக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம்தான்.

வேலை எங்கே இருக்கிறது

பலரும் பார்க்காத இடத்திலிருந்து தொடங்குகிறேன். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள்; இருவரில் ஒருவர் கட்டாயம் பெண். அந்தச் சமூகப் பணியாளர், குழந்தைகளுக்கான நலப் பணியில் ஏழு ஆண்டு ஈடுபட்டவராகவோ, குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றில் பட்டம் பெற்று அந்தத் தொழிலில் இருப்பவராகவோ இருக்க வேண்டும். சமூகவியல் என்ற சொல் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கொடிய குற்றம் சாட்டப்பட்ட ஒரு பதினாறு வயதுப் பையனைப் பெரியவரைப் போல விசாரிப்பதா என்று முதல்நிலை மதிப்பீடு செய்யும் இடம் அந்தக் குழுமம். அங்கே உட்காருகிறவருக்கு அந்தப் பையனின் வீடும் தெருவும் புரிய வேண்டும்.

குழுமத்துக்குப் போவதற்கு முந்தைய படிகள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கின்றன. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர், ஆற்றுப்படுத்துநர், சமூகப் பணியாளர், களப்பணியாளர்; இவற்றோடு 1098 குழந்தைகள் உதவி எண், பெண்களுக்கான 181, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ஒரே இடத்தில் உதவும் ஒருங்கிணைந்த சேவை மையம். சொல்ல வேண்டிய கசப்பும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை ஒப்பந்தப் பணி, தொகுப்பூதியம். வேலை நெஞ்சை அழுத்தும், சம்பளம் குறைவு. இந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு அரசு நிரந்தரப் பணியும் நியாயமான ஊதியமும் தர வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். இன்றைய நிலையில் இரண்டு மூன்று ஆண்டு அனுபவம் சேர்க்கும் இடமாக இவற்றைக் கருதி, அதே நேரத்தில் நிரந்தர வேலைக்கான தேர்வுகளை எழுதுவதே நடைமுறை.

நிரந்தர வேலை என்றால் டிஎன்பிஎஸ்சி குரூப் 2 அறிவிக்கையைக் கவனியுங்கள். அதில் நன்னடத்தை அலுவலர் பணியிடங்கள் இடம்பெற்று வந்திருக்கின்றன. 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின்படி, முதன்முறை தவறு செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடலாம். அப்படி விடலாமா என்று நீதிமன்றம் முடிவெடுக்க உதவும் அறிக்கையை எழுதுகிறவர் நன்னடத்தை அலுவலர். ஒருவரின் குடும்பம், பழக்கம், ஊரில் அவர் நிலை எல்லாவற்றையும் விசாரித்து எழுதும் அந்த அறிக்கை, சமூகவியலில் படித்த களப்பணியேதான். சிறைத்துறையில் உதவி சிறை அலுவலர் பணிக்கும் தேர்வு நடக்கிறது. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூவர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த வேலைக்குப் போகிறவர்கள் நமக்கு வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. சமூக சேவையைத் தண்டனையாக விதிக்கும் வழி இப்போது உண்டு. முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர், ஆயுள், மரண தண்டனைக்குரிய வழக்கு இல்லையென்றால், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்திருந்தால் பிணைப்பத்திரத்தின் பேரில் விடுவிக்கப்பட வழி உண்டு. அதற்குத் தகுதியானவர்களைச் சிறைப் பதிவேட்டில் தேடிக் கண்டுபிடிக்க ஆள் வேண்டும். பழைய பிரிவு எண்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கும் வழிகாட்டிப் புத்தகங்களைத் தூர வைத்துவிட்டு, புதிய சட்டங்களை மூலத்திலேயே படியுங்கள்.

ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். நோக்கம் உள்ளவர்களுக்கு ஒரு தகவல்: குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் சமூகவியல் விருப்பப் பாடம், இரண்டு தாள், 500 மதிப்பெண். குற்றவியல் அந்தப் பட்டியலிலேயே இல்லை. கல்லூரி ஆசிரியராக விரும்புகிறவர்களுக்கு யுஜிசி நெட் தேர்வில் சமூகவியலும் குற்றவியலும் தனித்தனிப் பாடங்களாக உண்டு.

தனியார் துறையில் வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் மோசடி கண்டறியவும், சந்தேகத்துக்குரிய பணப் பரிமாற்றங்களை அலசவும் சென்னையிலும் பெங்களூரிலும் பெரிய குழுக்கள் இருக்கின்றன. வணிகவியல் பட்டதாரிகளை அதிகம் எடுக்கும் வேலைதான். ஆனால் மோசடி செய்பவர் எப்படி யோசிக்கிறார், ஏமாறுகிறவர் ஏன் புகார் கொடுக்கத் தயங்குகிறார் என்று விளக்கத் தெரிந்தவர் அங்கே தனித்துத் தெரிவார். சதர்லாந்தைப் படித்தது இங்கே கைகொடுக்கும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் எதிலும் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும். சில ஆண்டு களப்பணி அனுபவம் உள்ள பெண்களும் ஆண்களும் இந்தப் பயிற்சிகளையும் குழுப் பணியையும் கௌரவமான தொழிலாகச் செய்கிறார்கள்.

வெளிநாட்டில் படிக்க விரும்பினால் கேம்பிரிட்ஜின் குற்றவியல் நிறுவனம், ஆக்ஸ்ஃபோர்டின் குற்றவியல் மையம் இரண்டும் முதுநிலையில் உலகத்தரம். பட்டியலினத்தவர், சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்களுக்கு ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை இருக்கிறது. பெருங்காமநல்லூர் வரலாறு யாருடைய குடும்ப வரலாறோ, அந்த வீட்டுப் பிள்ளை கேம்பிரிட்ஜில் அதை ஆய்வு செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

முதல் வருடமே செய்ய வேண்டியது

ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. துணைச் சட்டத் தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்து அவர்களே பயிற்சி தருகிறார்கள். கல்லூரி மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். முதலாம் ஆண்டிலேயே துறைத்தலைவரிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு நேரில் போய், அடுத்த தேர்வு எப்போது என்று கேளுங்கள். தேர்வானால் காவல் நிலையம், சிறை, குழந்தைகள் இல்லம், கிராம முகாம் என்று ஆணைக்குழு எங்கே அனுப்பினாலும் போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒருவருக்கு மனு எழுதிக் கொடுங்கள். அவர் பெயர் இல்லாமல் அன்றைக்குக் கண்டதைத் தேதி போட்டுத் தனி நோட்டில் எழுதிவையுங்கள். முதுநிலை நுழைவு நேர்காணலிலும் முதல் வேலைக்கான நேர்காணலிலும் "களத்தில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால், அந்த நோட்டிலிருந்து பதில் சொல்லுங்கள்.